படுத்துக்கொண்டு போகும் சீட்

ஓட்டலில் பில் வந்தால் ஒருவர் செல்போனைப் பார்ப்பார், இன்னொருவர் கூரையைப் பார்ப்பார், மூன்றாமவருக்கு அவசரமாகக் கை கழுவ வேண்டியிருக்கும். நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் பில்லை எட்டிப் பிடிப்பார். அடடா, என்ன தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள். தன் கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் அவரவர் பங்கை ரொக்கமாக வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். சாப்பாடு எல்லோருக்கும், கார்டில் ஏறும் பாயிண்ட் இவருக்கு. கூட்டாளிகள் அவருக்கு 'பாயிண்ட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"என்னப்பா பாயிண்ட்டு, இன்னிக்கு எவ்வளவு தூரம் பறந்த?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"சிரிங்கடா, நல்லா சிரிங்க. நான் ஒருநாள் பிளேன்ல காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் போவேன். நீங்க கீழ நின்னு டாட்டா காட்டுங்க."

விஷயம் இதுதான். கார்டில் செலவு செய்தால் பாயிண்ட் சேரும். பாயிண்ட்டை விமானக் கம்பெனியின் மைலாக மாற்றினால், மைலைக் கொடுத்து டிக்கெட் வாங்கலாம். இதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இவருக்கு அது பித்தாகிவிட்டது. போனஸ் பாயிண்ட் கிடைக்கிறதே என்று ஒரு நடை மெஷின் வாங்கினார். அதில் யாரும் நடக்கவில்லை, துணிதான் காய்ந்தது. இன்னொரு ஃபிரிட்ஜ் வாங்கினார். அதில் தண்ணீர் பாட்டிலைத் தவிர எதுவும் இல்லை. கார்டுகள் பெருகின, ஒவ்வொன்றிலும் கடன் கழுத்துவரை ஏறியது.

"ஓசியில பறக்கறதுக்கு இவ்வளவு செலவு பண்றவர் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க" என்பாள் மனைவி. ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேஜையில் நாள் முழுக்கப் போனில் பேசுகிறவள் அவள்.

"எல்லாம் அக்காவுக்காகத்தானே?" என்பார் அவர். அதுவும் உண்மைதான். அம்மா அப்பா போன பிறகு அவரைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அக்கா. இப்போது கடல் தாண்டித் தனியாக இருக்கிறாள். "எப்படா வர்ற?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். "இன்னும் கொஞ்சம் மைல் சேரட்டும்க்கா" என்று இவரும் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். விசா எடுத்தாகிவிட்டது, சாதாரண சீட்டுக்கு எப்போதோ மைலும் சேர்ந்துவிட்டது. அது அவருக்கு ஆகாது. "உட்கார்ற சீட்டுக்கு மைலைக் கொடுக்கறது தண்டம். படுக்கற சீட்டுக்குக் கொடுத்தாதான் மைலுக்கு மதிப்பு" என்பது அவர் கட்சி. அக்காவின் மதிப்பை அவர் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

ஒருநாள் கடையில் ஒரு பெரியவருக்கு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அக்கா போன் பண்ணினாள்.

"இதயத்துல ஒரு வால்வு மாத்தணுமாம்டா. அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நீ ஒண்ணும் அலையாத, கடையைப் பாரு. சும்மா சொல்லி வைக்கலாம்னுதான்..." குரல் நடுங்கியது. "சும்மா" என்று அக்கா எப்போது சொல்வாள் என்று தம்பிக்குத் தெரியாதா?

உடனே கணினியின் முன் உட்கார்ந்தார். ஒரு விமானத்தில் படுக்கும் சீட் ஒன்றே ஒன்று இருந்தது. அந்தப் பதற்றத்தில், வங்கியில் இருந்த அத்தனை பாயிண்ட்டையும் அந்தக் கம்பெனிக்கு மாற்றிவிட்டார். "முதல்ல சீட்டை உறுதி பண்ணு, அப்புறம் பாயிண்ட்டை மாத்து. மாத்தினது திரும்பி வராது" என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் அவர். பாயிண்ட் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. அதற்குள் சீட்டை வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

காசு கொடுத்து வாங்கலாம் என்றால் கார்டு எதிலும் இடமில்லை. நடை மெஷினின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

"அக்காவைப் பார்க்காமலே ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அப்போதுதான் வேலையிலிருந்து வந்த மனைவி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அந்தக் கம்பெனி நம்பரைச் சொல்லுங்க" என்றாள். ஸ்பீக்கரில் போட்டாள். நிலைமையைச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "படுக்கற சீட் கிடக்கட்டும்மா. உட்கார்ற சீட் இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா ரெண்டு இடத்துல பிளேன் மாறணும். பாத்ரூம் பக்கத்து சீட்டுதான். புதன்கிழமை கிளம்பினா வியாழக்கிழமை சாயங்காலம் போய்ச் சேரலாம்" என்றாள் கம்பெனிப் பெண்.

"அதுக்குப் போய் மைலை..." என்று அவர் வாயெடுத்தார். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது.

"போட்டுடும்மா" என்றாள் அவள்.

"போட்டாச்சு மேடம். மீதி மைல்ல இன்னும் நாலு தடவை போயிட்டு வரலாம்" என்றாள் அந்தப் பெண், நல்ல சேதி சொல்கிற உற்சாகத்தோடு.

கடைக்காரருக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கசங்கிய சட்டையும் வீங்கிய காலுமாக ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தார். "வராதேன்னுதானேடா சொன்னேன்" என்று அக்கா திட்டினாள். திட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்தவள், மறுநாள் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்வரை விடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "இனி பயமில்லை" என்று டாக்டர் சொன்னதும், அப்பாடா என்று தம்பி நாற்காலியில் சாய்ந்தார். அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. உட்கார்ந்தபடியே சொக்கித் தூங்கிப்போனார்.

நாலைந்து நாள் கழித்து, இத்தனை வருஷம் வராததன் காரணத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, சிரிக்க வைக்காதடா, தையல் வலிக்குது" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். "ஏண்டா, படுத்துக்கிட்டு வான்னு நான் எப்பவாவது சொன்னேனா? வாடான்னுதானே சொன்னேன்."

தம்பி அக்காவின் காலைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊர் திரும்பியதும் நடை மெஷினும் இரண்டாவது ஃபிரிட்ஜும் விலைபோயின. ஒரு கார்டைத் தவிர மற்றவையெல்லாம் கத்தரிக்கோலுக்கு இரையாயின. கடன் மெல்ல மெல்லக் குறைய ஆரம்பித்தது.

மறுபடி அதே ஓட்டல், அதே கூட்டாளிகள். பில் வந்தது. எல்லோரும் வழக்கம்போல் கூரையைப் பார்த்தார்கள். கடைக்காரர் தன் பங்கை மட்டும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"என்னப்பா பாயிண்ட்டு, உடம்புக்கு ஏதாவதா?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"மைல் சேர்க்கறது தப்பில்லடா. ஆனா தேவையில்லாததை வாங்கிக் கடன்ல மாட்டிக்கிட்டா அது ஓசியே இல்ல. சேர்த்து வச்சதை ஒசத்தி சீட்டுக்காகப் பூட்டி வைக்கவும் கூடாது. நம்ம ஆளு நம்மளைத் தேடும்போது, கிடைச்ச சீட்டுல ஏறிப் போயிடணும். எனக்கு என் அக்கா மிஞ்சியிருக்கா. எல்லாருக்கும் அப்படி மிஞ்சுமா?"

வெளியூரில் இருக்கும் அண்ணனிடம் பேசிப் பல மாதமான மருந்துக் கடைக்காரர் செல்போனை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சரி, அடுத்து எப்ப போற?"

"லீவுக்கு. நானும் என் வீட்டுக்காரியும். டிக்கெட் போட்டாச்சு."

"படுக்கற சீட்டா?"

"பாத்ரூம் பக்கத்து சீட்டுடா" என்று வாய்நிறையச் சிரித்தார் கடைக்காரர். "அதுவும் அக்கா வீட்டுக்குத்தான் போகுது!"