பஞ்சில் வந்த கையெழுத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆரம்பித்ததல்ல. ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டிருந்தார்கள்: ஓவியர் தன் ஓவியத்தில் கையெழுத்துப் போட வேண்டுமா, வேண்டாமா? ஓவியத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், சுவரில் கோணலாகத் தொங்கினால் நேராக்கி வைப்பதுதான். இருந்தும் ஒப்புக்கொண்டேன். தெரியாத விஷயத்தைப் பற்றி எழுதுவதில் எனக்கு இருபது வருட அனுபவம்.

'கையெழுத்து என்பது நான் என்னும்...' (நிறுத்திவிட்டேன். இப்படி ஆரம்பிக்கும் கட்டுரையை நானே படிக்க மாட்டேன்.)

'தச்சர் தான் செய்த நாற்காலியில் பெயர் எழுதுகிறாரா? தையற்காரர் சட்டையில்...' (தையற்காரர் எழுதுகிறார். காலருக்கு உள்ளே, துணிப்பட்டையில். அதுவும் போயிற்று.)

பிறகு விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். கேட்கப் போய் ஒரு காரியம் கெட்டது. கட்டுரை நின்றுவிட்டது, அந்த இடத்தில் இந்தக் கதை வந்து உட்கார்ந்துகொண்டது.

2

ஆரம்பம், மூன்றாவது முயற்சி.

பிரேம் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். அங்கே முப்பத்தொரு வருடமாக ஒருத்தி பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிறாள், கிழிசலை ஒட்டுகிறாள், வண்ணம் உதிர்ந்த இடத்தை நிரப்பித் தருகிறாள். கீழே கடைக்காரர் அவளை டாக்டரம்மா என்பார். "மேல டாக்டரம்மாகிட்ட காட்டுங்க, உங்க படம் பொழைச்சுக்கும்" என்று ஆட்களை மாடிக்கு அனுப்புவார்.

(முதல் வரைவில் அவளுக்கு ஒரு பூனை கொடுத்திருந்தேன். தனியாக இருக்கும் பெண் என்றால் என் பேனா தானாகவே ஒரு பூனையைப் போட்டுவிடுகிறது. எடுத்துவிட்டேன். அவளுக்குத் துணையென்று யாரும் இல்லை. அதைப் பூனையை வைத்து மறைப்பானேன்?)

மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, படத்தில் ஒரு பொத்தான் அளவு இடத்தில் மெல்ல உருட்டுவாள். ஆமாம், எச்சில்தான். மேலழுக்கை எடுக்க அதைவிட மென்மையானது கிடையாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளரிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை. எச்சிலுக்கு மசியாத பழைய வார்னிஷைக் கரைக்கப் புட்டியில் ஒரு திரவம் இருக்கிறது.

அவள் வேலைக்கு ஒரே இலக்கணம்: அவள் கை பட்டது தெரியக் கூடாது. நானூறு படங்களுக்கு மேல் அந்த அறைக்கு வந்து போயிருக்கின்றன. மாதக்கணக்கில் ஒரே முகத்தின் எதிரில் உட்கார்ந்திருப்பாள். அதன் கன்னமும் இமையும் அவளுக்கு மனப்பாடமாகும். பிறகு அது யார் வீட்டுக்கோ போய்விடும். திரும்பி வந்தால் அவள் வேலை சரியில்லை என்று அர்த்தம். ஆகவே எதுவும் திரும்பி வந்ததில்லை.

3

இனிப் படம். ஜன்னலோரம் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்கிறாள். வரைந்தவர் தபால் ஆபீஸ் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓவியர். இறந்து பல வருடமாகிறது. படத்தைக் கொண்டுவந்தவர் அவருடைய மகள், டைப்பிஸ்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"இது எங்கம்மா. அப்பாவுக்கு மூக்கு வரைய வராது. அதான் அம்மாவைத் திருப்பி உக்கார வச்சுட்டார்" என்று சொல்லிச் சிரித்தார்.

மூன்று வாரத்தில் கூந்தல் தெளிந்தது, முதுகு தெளிந்தது, ஜன்னலுக்கு வெளியே யாரும் எதிர்பாராத நீலம் வந்தது. கடைசியில் வலது கீழ் மூலை. அங்கே கறுப்பில் ஒரு கையெழுத்து. முற்பகல் பதினோரு மணி இருக்கும். அந்த மூலையில், எழுத்துக்குச் சற்றுத் தள்ளி, திரவத்தை வைத்ததும் போன் அடித்தது. யாரோ ஒருவர் ஏதோ சந்தேகம் கேட்பதற்காக

(இந்த 'யாரோ'வை வைத்துக்கொண்டு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பேசியது நான். அவள் என் அக்கா.)

4

எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டேன். நலம் விசாரிக்க அல்ல, கட்டுரைக்காக.

"சொல்லுடா. உயிரோடதான் இருக்கியா?"

"வேலையா இருக்கியாக்கா? அப்புறம் பேசட்டுமா?"

"இல்லையில்ல, சும்மாதான் இருக்கேன். நீ பேசு."

அவள் சும்மா இல்லை. திரவம் பட்ட இடத்தைப் பாதியில் விட்டால் கறை நின்றுவிடும். ஆனால் வேலை என்று சொன்னால் நான் வைத்துவிடுவேன். அது அவளுக்குத் தெரியும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பஞ்சை உருட்டினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

"படத்துல கையெழுத்துப் போடணுமா, கூடாதா? நீ என்ன சொல்றே?"

"போடணும்டா. ஆனா பெருசா போடறான் பாரு, அவனை நம்பாதே. படம் பேசறதுக்கு முன்னாடி கையெழுத்து பேச ஆரம்பிச்சுடும்."

"போடாதவங்க?"

"அதுல ரெண்டு ரகம். படம் இன்னும் முடியலைன்னு நினைக்கிறவங்க. பாத்தாலே நான்னு தெரிஞ்சுடும்ங்கற திமிர் பிடிச்சவங்க."

நான் எழுதிக்கொண்டேன். நல்ல வரிகள். கட்டுரை தானாக நடந்துவிடும் என்று தோன்றியது. அந்தத் தெம்பில் இன்னொன்றும் கேட்டேன்.

"உனக்கு எங்கேயாவது உன் பேரைப் போடணும்னு தோணினதே இல்லையாக்கா?"

அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க, கை தன்பாட்டுக்கு ஒரே இடத்தில் உருண்டது.

"தோணும்டா. ஒரு தடவையாவது, பின்பக்கம் பென்சில்ல, சின்னதா..."

அங்கே நின்றுவிட்டது. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேன். "அப்புறம் பேசறேன்" என்று வேறொரு குரலில் சொல்லிவிட்டு வைத்தாள்.

பஞ்சில் கறுப்பு. படத்தின் மூலையில் ஒன்றுமில்லை.

[அடிக்குறிப்பு: கையெழுத்துப் போட்டு, அதன்மேல் வார்னிஷ் பூசுவதுதான் வழக்கம். இந்தக் கையெழுத்து வார்னிஷுக்கு மேலே போட்டது. வார்னிஷ் கரைந்ததும் கூடவே வந்துவிட்டது. முதலில் எழுத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவு தொட்டுச் சோதிக்க வேண்டும். நிறம் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் அன்று ஒரு நாள்தான் அவள் சோதிக்கவில்லை. நான் பேசிக்கொண்டிருந்தேன்.]

5

மறுநாள் காலை குமாஸ்தாவின் மகள் அக்காவுக்குப் போன் செய்தார்.

"அந்தக் கையெழுத்தை மட்டும் பத்திரமா பாத்துக்கங்கம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். அப்பா எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல. பொழுது போகாம வரைஞ்சதுக்குப் பேரு ஒரு கேடாம்பார். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் நான்தான் அடம் பிடிச்சு இது ஒண்ணுல போட வச்சேன். கை நடுங்கிச்சு. நான் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் அவர் வீட்டுக்குத் திரும்பி வரலை."

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அக்காவால் "வாங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு படத்தையும் போட்டோ எடுத்து வைப்பது அவள் வழக்கம். அந்த போட்டோவில் கையெழுத்து நடுக்கத்தோடு அப்படியே இருக்கிறது. மெல்லிய தூரிகை எடுத்தால் கால் மணி நேர வேலை. மகளுக்கென்ன, வரைந்தவருக்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் உதிர்ந்த இடத்தை நிரப்புவது வேறு; செத்துப்போனவர் பெயரை அவர் கையாக இருந்து எழுதுவது வேறு. அதை அவள் செய்ததில்லை. செய்தவர்களோடு பேசியதும் இல்லை. மகளிடம் உண்மையைச் சொல்வதென்றாலோ, அவர் பிடித்திருந்த அப்பாவின் மணிக்கட்டை இன்னொரு முறை விடச் சொல்ல வேண்டும்.

6

முடிவுகள்.

அ. போட்டுவிடுகிறாள். மகள் விரலால் தொட்டுப் பார்க்கிறார், கண் கலங்குகிறார், அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிறார். (அந்தக் கைகளை வைத்துக்கொண்டு அக்கா மறுநாள் எப்படி வேலை செய்வாள்?)

ஆ. சொல்லிவிடுகிறாள். பஞ்சைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மேஜைமேல் வைத்து, "இதுலதான் இருக்கு" என்கிறாள். மகள் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அப்புறம் அவர் சொல்கிறார்... (என்ன சொன்னாலும் அது அக்காவைக் காப்பாற்ற நான் எழுதிக்கொடுக்கும் வசனமாக இருக்கிறது. என்னைக் காப்பாற்ற என்றும் சொல்லலாம்.)

இ. "பரவாயில்லம்மா, நீங்களே உங்க பேரைப் போட்டுடுங்க" என்கிறார் மகள். (இது சினிமா. அடித்தாயிற்று.)

7

ஒன்றை இதுவரை சொல்லவில்லை. சொல்லாமலே முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

நேற்றுச் சாயங்காலம் அக்காவே கூப்பிட்டாள். பஞ்சு, குமாஸ்தாவின் மணிக்கட்டு, எல்லாம் அப்போது சொன்னதுதான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"நீதான் கதை எழுதறவனாச்சே. இந்த இடத்துல வந்து நின்னா உன் ஆளு என்னடா பண்ணுவா?"

முப்பத்தொரு வருடத்தில் அவள் யாரிடமும் யோசனை கேட்டு நான் பார்த்ததில்லை. நான் சொன்னேன்:

"நானா இருந்தா முடிவை வாசகர்கிட்ட விட்டுடுவேன்க்கா."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

"ஓ" என்றாள். "சரிடா. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி மூன்று இருபது. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் படம் நிற்கிறது. எதிரில் அக்கா தூரிகையோடு உட்கார்ந்திருக்கிறாளா, குப்பியோடா, வெறுங்கையோடா, தெரியாது. இந்த மாதிரிக் கதையை இந்த இடத்தில் உங்கள் கையில் கொடுத்துவிட்டு எழுத்தாளன் ஒதுங்கிக்கொள்ளலாம். எனக்கு அது நன்றாகவே வரும். ஆனால் கொடுக்கப் போவதில்லை.

அவள் கேட்டது உங்களை அல்ல.