கடைசியில் வைத்த கண்

2003 மழையில் காய்ச்சல் கண்டு ஆறு வயதில் இறந்துபோன இரம், அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு நெல்லளவு வளர்ந்தாள். கீழ்க்கட்டளையில் பலபேர் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தாயிற்று, சந்தேகமே வேண்டாம்.

அவள் வளர்ந்தது உள்ளங்கை அகலப் படம் ஒன்றுக்குள். அப்பா ஜாபருக்கு மார்பிள் வியாபாரம். கல் எடுக்க ராஜஸ்தானத்துக் கிஷன்கரில் நாலு வருஷம் குடியிருந்தபோது, அம்மா ஹஃபீசா பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து அந்த ஊர்ச் சிற்றோவியம் பழகிக்கொண்டாள். முகம் எப்போதும் பக்கவாட்டில். நெற்றியோரம் வரை ஓடும் ஒற்றைக் கண். அந்தக் கண்ணைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். வைத்தால் படம் முடிந்தது, அப்புறம் தொடக்கூடாது. மகளை வரைந்தபோது அவள் எட்டிப் பார்த்து, "எனக்குக் கண்ணு எங்கம்மா?" என்றாள். "கடைசிலதான்டி. அவசரப்படாத." அந்த வாரமே காய்ச்சல். பாவி, அன்றைக்கே வைத்துத் தொலைத்திருக்கலாமே என்று ஹஃபீசா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

படம் முடியாததால் குழந்தை வளர்ந்தாள். பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியதும் ஹஃபீசா சாயம் குழைத்து நீட்டினாள். தலை ஓரத்தில் முட்டியதும் சுற்றிலும் காகிதம் ஒட்டினாள். உருவப்படம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார், அந்த வானவர்கள், வரமாட்டார்கள் என்று நாத்தனார் தபஸ்ஸும் கண்டித்தபோது, "எம் பொண்ணு வராள்லக்கா, அது போதும்" என்றுவிட்டாள்.

2008-இல் கண் இல்லாத இடத்திலிருந்து நீர் வடிந்து கன்னத்துச் சாயம் கரைந்ததை ஜாபர் பார்த்தார்.

"புள்ள இருட்டுல கீது ஹஃபீசா. உம் மூஞ்சியப் பாக்காமலே வளந்துகினு கீது. வெச்சுடு."

"வெச்சா அதோட நின்னுடுவாளேங்க."

"தெரியும்," என்றார் ஜாபர்.

அணில்முடித் தூரிகையால் ஒரே மூச்சில் வைத்தாள். ஈரம் காய்ந்தது. இரம் பதினொரு வயதில் நின்றாள். ஆனால் கிஷன்கர்ப் படத்தில் யாரும் எதிரே இருப்பவரைப் பார்ப்பதில்லை. திறந்த கண் அம்மாவை விட்டுவிட்டு இடப்பக்கத்து வெறுஞ்சுவரைப் பார்த்தது. ஐந்து வருஷம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு இது தோன்றவே இல்லை.

மறுவருஷம் பொழிச்சலூரில் வீடு கட்டினார்கள். முதலில் படத்துக்கு இடம் குறித்து, அது பார்க்கிற பக்கம் சமையலறை வைத்தார்கள். ஹஃபீசா அடுப்படிக்கு வந்தால் அந்தக் கண் கொஞ்சம் அகலும். சிலிண்டர் போட வருகிறவர்கூடக் குறுக்கே நிற்காமல் சுவரோரமாகத்தான் போவார்.