ஹார்டிஸ்டி ஓட்டுப் போட்டாரா?

1

இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை. ஆல்டர்பி என்ற இந்த ஆங்கிலேயச் சிற்றூரில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அவ்வளவுதான். வாக்குச்சாவடியில் வேலை பார்க்கிறவர்கள், யார் ஓட்டுப் போட்டார், யார் போடவில்லை என்பதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். நானும் போட்டிருக்கிறேன். அதனால் ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன். ஊரின் பெயரும் அதுவல்ல. நடந்ததை மட்டும் மாற்ற வரவில்லை. மாற்றிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் நான் நல்லவளாகிவிட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அன்று காலையிலிருந்தே ஆல்டர்பியில் மழை

அங்கேயே நிறுத்திவிட்டேன். அன்று நல்ல வெயில். மே மாதத்து முதல் வியாழக்கிழமை. சர்ச்சுக் கூடத்தின் வாசலில் நான்கு நாய்களைக் கட்டிவிட்டு அவற்றின் சொந்தக்காரர்கள் உள்ளே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "எழுத்தர் காலின், முதியவரின் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல்

காலின் என்று யாரும் கிடையாது. பழியைச் சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவனுக்கு மெல்லிய உதடும் தோளில் பொடுகும் கொடுத்து இரண்டு பக்கம் எழுதினேன். அப்புறம் அவன்மேல் பரிதாபம் வந்துவிட்டது. அந்த மேசையில் உட்கார்ந்திருந்த எழுத்தர் நான்தான். மற்ற நாட்களில் ஊர் நூலகத்தில் வேலை. தேர்தலன்று மட்டும் பெயர்ப் பட்டியலும் அடிமட்டமும் பென்சிலும்.

3

வில்ஃப் ஹார்டிஸ்டிக்கு வயது எழுபத்து நான்கு. இருபத்து நான்கு வருடமாக எங்கள் வார்டின் கவுன்சிலர். எந்தக் கட்சியும் இல்லை. சாதனைகள்: மூன்று பெஞ்சு, ஒரு பாதசாரிக் கடவை, முடிவே இல்லாத ஒரு குப்பைத்தொட்டிச் சண்டை. அவருடைய நோட்டீஸில் எப்போதும் ஒரே படம்தான்: சாலைப் பள்ளம் ஒன்றை விரலால் சுட்டிக்காட்டி நிற்பார். சில பள்ளங்கள் மூன்று தேர்தலில் அவரோடு நின்றிருக்கின்றன.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஆனால் மனிதர் நல்லவர். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் என் வீட்டுக் கொதிகலன் நின்றுபோய், வாடகை வீட்டின் சொந்தக்காரன் போனை எடுக்காமல் இருந்தபோது, இவர் போய் அவன் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மறுநாளே வெந்நீர் வந்தது.

இந்த முறை அவருடைய நோட்டீஸில் பள்ளத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: "படம் போட்ட அடையாள அட்டை இல்லாமல் ஓட்டுப் போட முடியாது. மறந்துவிடாதீர்கள்." வீடு வீடாக அவரே போட்டார்.

(ஆமாம். நீங்கள் நினைப்பதுதான் நடக்கப்போகிறது.)

4

எதிர்த்து நின்றவர் டிரேசி ஹெப்பிள்வைட். கடைத்தெருவில் நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடை வைத்திருக்கிறார். ஒரு கட்சிக்கு எல்லா வார்டிலும் தங்கள் பெயர் இருக்க வேண்டும். எங்கள் வார்டில் நிற்க ஆள் கிடைக்கவில்லை. கட்சி அமைப்பாளர் தன் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தபோது டிரேசியிடம் கேட்டாராம்.

"சும்மா பேர் மட்டும் குடும்மா. நீ ஜெயிக்கவே மாட்ட. சத்தியமா."

"சத்தியமா?"

"ஹார்டிஸ்டிய யாரு தோக்கடிக்க முடியும்?"

டிரேசி கையெழுத்துப் போட்டார். பிரச்சாரம் என்று ஒன்றும் செய்யவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "எனக்குப் போடாதீங்க, வில்ஃபுக்கே போடுங்க" என்றார். இவ்வளவு நேர்மையான வேட்பாளரை மக்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

5

சாயங்காலம் நாலு மணிக்குப் பக்கத்தில் வில்ஃப் வந்தார். காலையிலிருந்து நடக்க முடியாத கிழவிகளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதுமாக இருந்தார். இப்போது அவர் முறை.

"பேரும் விலாசமும் சொல்லுங்க" என்றேன். எல்லாரிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

"என்ன கண்ணு, என் பேரு உனக்குத் தெரியாதா? வெளிய சுவரெல்லாம் ஒட்டியிருக்கே."

[இந்தப் பக்கத்து ஆட்கள் பேச்சுக்குப் பேச்சு சொல்லும் ஒரு சொல்லைத் தமிழில் எழுதினால் 'கண்ணு' என்றுதான் வருகிறது. பஸ் ஓட்டுநரும் சொல்வார், வரி கேட்டுக் கடிதம் அனுப்பியவரும் போனில் சொல்வார்.]

பெயர் சொன்னார். அட்டை கேட்டேன். சட்டைப் பையைத் தட்டினார். கால்சட்டைப் பையைத் தட்டினார். பிறகு சிரித்தார்.

"என் படம் போட்ட பஸ் பாஸ் இன்னொரு கோட்டுல இருக்கு."

"சரி" என்றேன். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.

"இருபத்து நாலு வருஷமா என்னை உனக்கு"

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் விட்டதல்ல, அவர் விட்டது. வரிசையில் அவரே கூட்டிவந்த மிஸஸ் கார்ஸைட் அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"உங்களைத் தெரியும் மிஸ்டர் ஹார்டிஸ்டி. ஆனா அட்டை இல்லாம சீட்டு குடுக்கக் கூடாது."

"கூடாதுதான். நீ சரியாத்தான் செய்யற. போய் எடுத்துட்டு வந்துடறேன்."

கதவு சாத்தும்வரை அவர் வரவில்லை. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே கோடு விழவில்லை.

6

ஏன் வரவில்லை? கதாசிரியர் என்ற முறையில் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாது. வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார் என்று எழுதினேன்; நம்பும்படி இருந்தது, ஆனால் அவர் பகலில் தூங்குகிற ஆள் இல்லை. ரோஷம் என்று எழுதினேன். அது நான் அவருக்குப் போட்டுப்பார்த்த சட்டை, அளவு சேரவில்லை. வழியில் ஒரு பெண்மணி தன் சாக்கடை அடைப்பைக் காட்ட நிறுத்தினாள், அங்கிருந்து இன்னொரு வீடு, இன்னொரு கிழவி என்று தன்னுடைய ஓட்டு நினைவிலேயே இல்லை என்பது மூன்றாவது. இதைத்தான் வைத்துக்கொள்ளப்போகிறேன். இதில் என் தப்பு கொஞ்சம் குறைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

7

மறுநாள் காலை விளையாட்டுக் கூடத்தில், பாட்மிண்டன் கோடுகளின்மேல் மேசை போட்டு எண்ணினார்கள். நானும் எண்ணினேன். வார்டில் மூவாயிரத்து எண்ணூறு பேருக்கு ஓட்டு இருக்கிறது. ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு இனி நான்கு வருடம் குறை சொல்லும் வேலை இருக்கிறது.

கடைசியில் ஒரு சீட்டு மிஞ்சியது. டிரேசியின் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் பெருக்கல் குறிக்குப் பதில் யாரோ ஒரு நாயை வரைந்திருந்தார்கள். காது, வால், கழுத்துப் பட்டை எல்லாம் இருந்தது. தேர்தல் அதிகாரி இரண்டு வேட்பாளர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"வேற கட்டத்துல எதுவும் இல்ல. யாருக்குன்னு தெளிவா இருக்கு. ஆட்சேபம் உண்டா?"

"எனக்கு உண்டு" என்றார் டிரேசி. அவசரமாக வந்ததில் ஏப்ரனில் நாய் முடி ஒட்டியிருந்தது. "இது செல்லாதுன்னு சொல்லுங்க."

வில்ஃப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "செல்லும். நல்லா வரைஞ்சிருக்காங்க."

டிரேசி அறுநூற்று நான்கு. வில்ஃப் அறுநூற்று மூன்று.

டிரேசி அழுதார். எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

[கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் ஓட்டு விழுந்திருந்தால் சமம். சமமானால் குலுக்கல். ஆக நான் பறித்தது பதவியை அல்ல, பதவியின் பாதி வாய்ப்பை. மூன்று நாள் இந்தக் கணக்கோடு படுத்தேன். தூக்கமும் பாதிதான் வந்தது.]

8

அடுத்த வாரம் முழுக்க ஊர் வில்ஃபைப் பிடித்துக் கேட்டது. "ஒரே ஓட்டு. நீங்க போட்டீங்கள்ல?" "போட்டேனே" என்றார் எல்லாரிடமும். ரொட்டிக் கடையில் சொல்லும்போது நான் பின்னால் நின்றிருந்தேன். திரும்பி என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுதான் சீட்டே குடுத்துச்சு" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது ஆமாம் போலவும் இருந்திருக்கும், இல்லை போலவும்.

சனிக்கிழமை நூலகத்தில் புதுக் கவுன்சிலரின் முதல் குறைகேட்பு. கதவு திறந்ததுமே டிரேசி என் மேசைக்கு வந்துவிட்டார்.

"அவரைத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு மிஸஸ் கார்ஸைட் சொல்லுது. நெசமா?"

"நான் சொல்லக் கூடாது டிரேசி."

"அவரு போடலைன்னா இது நியாயமான ஜெயிப்பு இல்ல. நான் ராஜினாமா பண்ணிடறேன். சத்தியமா பண்ணிடறேன்." குரலில் ஏக்கம் இருந்தது. "வியாழக்கிழமை திட்டக் குழுக் கூட்டமாம். எனக்கு அன்னிக்குக் குளிப்பாட்ட மூணு பூடில் நாய் இருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

சொன்னால் டிரேசிக்கு விடுதலை. வில்ஃபுக்கு மறுபடி ஒரு தேர்தல், கூடவே ஊரெல்லாம் பொய்யன் என்ற பெயர். சொல்லாவிட்டால் மூன்று பூடில்களும் அழுக்காகவே இருக்கும்.

[இந்த இடத்தில் உண்மையைச் சொன்னதாக ஒரு முடிவு எழுதினேன். இடைத்தேர்தலில் வில்ஃப் ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். படித்துவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது.]

அப்போது வில்ஃப் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் நான்காக மடித்த தாள். குறை கேட்க டிரேசிக்குப் போட்டிருந்த மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குறை சொல்ல வருகிறவர்களின் பக்கம் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"வாங்க கவுன்சிலர், உக்காருங்க. மில் தெருவுல வேலிச் செடி நடைபாதை வரைக்கும் வந்துடுச்சு. கண்ணுல குத்துது. நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"நானா?" என்றார் டிரேசி, தன் மேசைக்குப் போனபடி.

"பின்ன யாரு? இது மொதல் குறைதான். மொத்தம் பதினேழு." தாளைப் பிரித்து முழங்காலில் வைத்து நீவிவிட்டார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எழுத நான்கு வாக்கியம் எழுதி நான்கையும் அடித்துவிட்டேன்.

டிரேசி அவர் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார். இப்போதாவது சொல்லுங்கள் என்ற பார்வை. வில்ஃபும் அந்தப் பார்வை போன திசையில் திரும்பினார். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நான் எழுந்து நின்று,

இந்த வாக்கியத்தை ஆறு விதமாக முடித்துப் பார்த்தேன். நான் என்ன சொன்னேன் என்பதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள், அவர்களை மறந்துவிடுவீர்கள். அதனால் நீங்களே முடியுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: எதைச் சொல்வதானாலும், அவர் அந்தத் தாளில் இரண்டாவது குறையைப் படிக்கத் தொடங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு யாராலும் அவரை நிறுத்த முடியாது.