அரைமணிக்கொரு தொப்பி

பெட்டி பிணக்கனம் கனத்தது. மூன்று மாடி ஏற்றி வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை செய்யவில்லை. அது என்றைக்குத்தான் வேலை செய்தது? பெட்டிக்குள் எட்டுத் தொப்பிகள், கல்லாக உறைந்து கிடந்தன. புற்றுநோய் மருந்து ஏறும்போது தலையைக் குளிரவைத்தால் மருந்து முடிவேர் வரை அதிகம் போகாதாம், முடி தப்பிக்குமாம். அரைமணிக்கு ஒன்று மாற்ற வேண்டும். மாற்றுவது என் வேலை, தாங்குவது அக்கா வேலை.

இது நான்காவது தடவை. இன்னும் இரண்டு பாக்கி. லீவு கேட்டுக் கேட்டு, மேனேஜர் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வீட்டில் துவைக்காத துணி மலையாகக் கிடக்கிறது. இத்தனையும் இந்த முடிக்காகவா என்று எரிச்சல் வரும். உடனே, சீ, அவள் ஆசைப்படுகிறாள், அதையாவது காப்பாற்றிக் கொடுப்போம் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

ஐந்தாவது தொப்பியை எடுத்தேன். கையுறை போட்டும் விரல் மரத்துப்போயிற்று. அவள் நெற்றியிலும் காதிலும் பஞ்சு வைத்து, தொப்பியை அழுத்தி, பட்டையை இறுக்கினேன். முதல் பத்து நிமிடம்தான் நரகம் என்று நர்ஸ் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கோக்கா. எவ்வளவு ஆசையா வளர்த்த முடி," என்றேன்.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"எனக்கு முடி வேணும்னு யாருடி சொன்னா?"

"உனக்கு ஆசை இல்லையாக்கா?" என்றேன்.

"கொட்டிடும்னு டாக்டர் சொன்னதும் நீதானே அந்த அழுகை அழுத. உனக்காகத்தான் மாட்டிக்கிறேன். இனிமே தாங்காதுடி."

பாவி, இதை முதல் தடவையே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் இந்தப் பெட்டியைச் சுமந்தது யாருக்காக? வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"எடுத்துடவாக்கா?"

"எடு. ஆனா அழக்கூடாது."

சரி என்றேன். நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். உறைந்த முடி பிய்ந்துவிடும், சற்று இளகட்டும் என்றார். காத்திருந்து கழற்றினேன். ஈரத்தைத் துண்டால் ஒற்றியபோது முடி கொத்தாக வந்தது.

"அழறியா?" கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"இல்லக்கா."

நான் மூக்கை உறிஞ்சியது அவளுக்குக் கேட்டிருக்கும். சில்லிட்டுக் கிடந்த என் கையை இழுத்துத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.