மாட்டுக்கு இருநூறு

கஜா பெராங் என்றால் மலாயில் கோபம் கொண்ட யானை. ஊருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அன்று காலை கார் விற்கும் காடிக் கடையில் பூங்காவனத்தைப் பார்த்தவர்களுக்குக் கேட்கவே தோன்றியிருக்காது.

அவள் புருஷன் நல்லையா கஜா பெராங்கில் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்துக்காரர். நெற்றியில் விபூதி, வாயில் மலாய். எப்போதோ கடல் கடந்து வந்து மலாய் மண்ணில் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்த இந்தச் செட்டிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக அதுதான் பேச்சு. ரப்பர் தோட்டத்தில் பிறந்த பூங்காவனம் அவரைக் கட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இடுப்பில் சரோங்கும் மேலே கெபாயாச் சட்டையுமாக அவளும் கம்பத்துப் பெண்ணாகவே மாறியிருந்தாள். புருஷனைத் திட்ட மட்டும் தமிழ். அவருக்குப் புரியாது என்பதால் தாராளமாகவே திட்டுவாள்.

பழைய ஆஸ்டினைக் கொடுத்துப் புதுக் காடி எடுக்க வந்திருந்தார்கள். சுதந்திரம் வந்த மறு வருஷமே நல்லையாவுக்கு டாக்சி உரிமம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் புதுக் காடியைக் காட்டாவிட்டால் உரிமம் போய்விடும். பழசுக்கு இரண்டாயிரம் வெள்ளியாவது வந்தால்தான் புதுசு வாங்க முடியும்.

விற்பனைக்காரன் சேதுராமன் டயரை உதைத்துப் பார்த்தான். பானெட்டைத் திறந்து உதட்டைப் பிதுக்கினான்.

"எஞ்சின் போய்விட்டது. ஆயிரத்து இருநூறு" என்றான் மலாயில்.

ஞாயிறு தவறாமல் நல்லையா தன் கையால் துடைத்து வைத்த எஞ்சின் அது. ஆனாலும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. பூங்காவனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சேதுராமன் மெக்கானிக் தேவதாஸ் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினான். "எஞ்சின் கல்லு மாதிரி இருக்குடா. மூவார் டவுன்ல ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கண்ண மூடிக்கிட்டு எடுப்பான்."

"இவரு ஒத்துக்குவாரா?"

"இது மாடு. தலையாட்டிட்டுப் போயிரும். காசு பத்தலைன்னா அந்தம்மா கழுத்துல கெடக்கிறத அடகு வைக்கட்டும்."

பூங்காவனம் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"எந்த மாடு, தம்பி?"

சேதுராமனுக்கு முகம் வெளுத்தது. அப்புறம் இளித்தான். "அக்கா தமிழா? மொதல்லயே சொல்லியிருந்தா நம்ம ஆளுக்குன்னு வேற வெல போட்டிருப்பேனே. ரெண்டாயிரம் தர்றேன்."

மாடு என்றதைக்கூடப் பொறுத்திருப்பாள். இந்த 'நம்ம ஆளு'தான் அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"அவரு யாரு ஆளு? வெல கெடக்கட்டும். தமிழ்ல சொன்னத அவருக்கு மலாய்ல சொல்லு."

விலையில் சின்னத் தவறு நடந்துவிட்டது என்று சேதுராமன் மலாயில் குழைந்தான்.

"அது இல்ல. மாட்டச் சொல்லு."

"லெம்பு" என்றான் அவன், தரையைப் பார்த்து.

"சத்தமா."

"உங்களை லெம்பு என்று சொல்லிவிட்டேன், அண்ணன்."

நல்லையா மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டார். போச்சு, உரிமம் போச்சு என்று நினைத்தாள் பூங்காவனம். ஆனாலும் 'இருங்கள்' என்று சொல்ல அவள் கோபம் விடவில்லை.

"காடிக்கு இரண்டாயிரம்" என்றார் நல்லையா நிதானமாக, மலாயில். "லெம்புவுக்கு இருநூறு. முடியுமென்றால் எழுது."

சேதுராமன் எழுதினான். தேவதாஸ் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிமிரவே இல்லை.

புதுக் காடி வெள்ளிக்கிழமைதான் வரும். பழையதிலேயே வீட்டுக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் பூங்காவனம் சேதுராமனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் தமிழில் விளாசிக்கொண்டிருந்தாள். நல்லையா சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

கம்பத்து முனையில் திரும்பும்போது கேட்டார்: "நீ அவனிடம் மாடு என்றாயே, அதுதான் லெம்புவா?"

"ஆமாம். என்ன திமிர் அவனுக்கு."

"அடுப்படியில் என்னைச் சொல்வாயே, அதே மாடா?"

பூங்காவனம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.