வேலைக்கும் பாடு வைத்தார்கள்

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் வேலை தேடுகிற தளத்தில் முதலில் கணக்குத் தொடங்கியவள் நான். அதனால் மற்றவர்கள் கணக்கையும் நானே தொடங்கித் தரவேண்டும் என்று ஆகிவிட்டது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, போனை நீட்டினார்கள். பொன்னேரியில் மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன், ஆகவே எனக்கு நேரம் நிறைய இருப்பதாக ஊரே முடிவு கட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு விக்கிக்கு ஒரு சாயங்காலம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். போட்டோவில் கூலிங் கிளாஸ் வேண்டாம். படகு மேல் காலைத் தூக்கி வைத்து நிற்காதே. பேருக்குக் கீழே 'கடல் ராஜா' என்று போடாதே, ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தாயே, அதைப் போடு. புதிதாக ஒருவரைத் தொடர்பில் சேர்க்கும்போது நீ யார், எதற்காகச் சேர்க்கிறாய் என்று இரண்டு வரி எழுது. முன்பின் தெரியாத மேனேஜருக்குக் காலையில் ரோஜாப்பூ படம் அனுப்பாதே.

"ரோஜா அனுப்பினா இன்னா தப்பு? மரியாததானே?" என்றான்.

"மொதல்ல உனக்குன்னு ஒரு மேனேஜர் வரட்டும். அப்புறம் அவரையே கேட்டுட்டு அனுப்பு."

அவன் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

பிறகு துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் ஓர் ஆள் தேவை என்று அந்தத் தளத்தில் வந்தது. விக்கியும் அவன் சேக்காளிகள் இரண்டு பேரும் விண்ணப்பித்தார்கள். கூட வேலை செய்தவர்கள் பாராட்டி எழுதினால் மதிப்பு என்று நான்தான் சொல்லித் தொலைத்திருந்தேன். விக்கிக்கு மாதிரியாக ஒன்று எழுதியும் கொடுத்திருந்தேன். 'விக்கி கடின உழைப்பாளி, அவரோடு வேலை செய்தது என் பாக்கியம்.' மூன்று பேரும் அதை அப்படியே எடுத்து ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டார்கள். பேரை மாற்றவேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. விக்கி கடின உழைப்பாளி என்று விக்கியே இரண்டு இடத்தில் சாட்சி சொல்லியிருந்தான்.

மூன்று பேருக்கும் வேலை இல்லை என்று பதில் வந்தது. உன்னால்தான் என்னால்தான் என்று கடற்கரையில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விஷயம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனது.

பஞ்சாயத்தில் பெரியவர் சகாதேவன். அவருக்கு அந்தத் தளம் என்னவென்று விளக்கினேன். நன்றாகப் புரிந்துகொண்டதாகத் தலையாட்டினார்.

"ஒரே எடத்துல மூணு பேர் வலை போட்டா எவனுக்குடா மாட்டும்? இதுக்கும் பாடு வெச்சிட வேண்டியதுதான்."

ஊரை ஒட்டிய ஏரியில் எறா, அதாவது இறால், பிடிக்க எங்களுக்குப் பாடு உண்டு. எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பது. அடுத்தவன் முறையில் வலை போட்டவனை ஊரில் மனுஷனாக மதிக்கமாட்டார்கள். அந்தச் சட்டத்தை அப்படியே தூக்கி இன்டர்நெட்டில் வைத்தார்கள். ஒரு வேலைக்கு ஊரிலிருந்து ஒருவர்தான் போடலாம். அவருக்கு முடிவு தெரியும்வரை அடுத்தவர் தொடக்கூடாது, இல்லை என்று வந்துவிட்டால் அந்த வேலை எல்லாருக்கும் பொது.

"மெட்ராஸ்லேர்ந்து, ஐதராபாத்துலேர்ந்து எல்லாம் ஆயிரம் பேரு போடுவாங்களே மாமா?" என்று கேட்டேன்.

"அவங்க ஊர்ல அவங்க பாடு வெச்சிக்கட்டும்" என்றார் சகாதேவன்.

சீட்டில் எழுதப் பேர் கேட்டார்கள். நான் என் பேரைச் சொன்னேன். பாடு முறையில் பொம்பளை பேர் கிடையாது என்றார்கள். வலைப் பாட்டில் கிடையாது, சரி, நான் என்ன வலையா போடப்போகிறேன்? வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. என் நைனா சுப்பராயலு. பஞ்சாயத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"எம் பொண்ணு பேரு இல்லன்னா எங்க வூட்டுப் பேரே பாட்டுல வேணாம். ஏரிப் பாட்டுலயும் எடுத்துடுங்க."

எல்லாரும் கத்தினார்கள். நைனா உட்காரவே இல்லை. கடைசியில் என் பேரையும் எழுதிப் போட்டார்கள்.

"ஒரு தபா முறை தவறினாலும் பேர எடுத்துடுவோம் சுப்பராயலு. அப்புறம் எந்தக் காலத்துலயும் பொண்ணுங்க பேரு வராது" என்றார் சகாதேவன். நைனா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

குலுக்கியதில் விக்கிக்கு முதல் முறை. எனக்குக் கடைசி.

அடுத்த வாரமே அந்த அறிவிப்பு வந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் எறா ஏற்றுமதி செய்யும் கம்பெனி, சரக்கில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் தேவை, மைக்ரோபயாலஜி படித்திருக்கவேண்டும். எனக்கென்றே எழுதின மாதிரி இருந்தது. முறையோ விக்கியுடையது.

அவனிடம் போய்க் கெஞ்சினேன். அதைச் சொல்லவே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, ஆனால் கெஞ்சினேன்.

"எறா நான் பொறந்ததுலேர்ந்து துன்றேன். எனக்குத் தெரியாத எறாவா?" என்றான் விக்கி. "இத்த உனக்கு உட்டுட்டா என் முறை மறுபடி எப்போ வரும்? நீயே சொல்லு."

அவனுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததும் நான்தான். படிப்பு என்ற இடத்தில் டீசல் மெக்கானிக் என்று பிழையில்லாமல் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு செய்தி வந்தது. அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கும் ஜாக்குலின் மேடம். ஐஸ் சரியாகப் போடாத எறா எப்படிக் கெடுகிறது என்று நான் எப்போதோ எழுதிய பதிவைப் பார்த்திருக்கிறார். 'நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வேலைக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை? நாளைக்குள் அனுப்புங்கள்.'

போனை வைத்துக்கொண்டு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகையாக வந்தது. அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். வேலை கிடைத்தால் ஊருக்கே தெரியும். பஞ்சாயத்தில் உட்காராமல் நின்ற நைனா கண் முன்னால் வந்தார்.

பதில் எழுதினேன். 'மிக்க நன்றி மேடம். எங்கள் ஊரில் இப்போது விக்கியின் முறை. அவருக்கு முடிவு சொல்லிவிட்டீர்களானால் உடனே அனுப்புகிறேன்.'

'விக்கி யார்?' என்று கேட்டார்.

பாடு என்றால் என்ன, சீட்டு எப்படிக் குலுக்குகிறோம், நைனா என்ன சொன்னார் எல்லாவற்றையும் மரியாதையாக எழுதி அனுப்பினேன். ஓர் இதயப் படம் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மறுவாரம் ஜாக்குலின் மேடம் ஒரு பதிவு போட்டார். 'ஒரு மீனவப் பெண் எனக்குக் கற்றுத்தந்த ஐந்து தலைமைப் பண்புகள்.' என் பேர் அதில் இல்லை. லைக் ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. பெரிய பெரிய மேனேஜர்கள் கண் கலங்கியதாக எழுதியிருந்தார்கள். துபாயிலிருந்து ஒருவர், தன் ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்க இதைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டிருந்தார். மேடம் தாராளமாக அனுமதி கொடுத்திருந்தார்.

விக்கிக்கு வேலை இல்லை என்ற பதில் அன்றைக்கே வந்தது. நான் ஓடிப்போய்த் தளத்தைத் திறந்தேன். சென்னையில் யாரோ ஒரு பையன், அதே கம்பெனியில் அதே வேலையில் சேர்வதில் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தான். மேடம் கீழே வரவேற்பு சொல்லியிருந்தார்.

சகாதேவன் அந்தப் பதிவைத் தமிழில் படிக்கச் சொல்லிக் கேட்டார். "நம்ம பாடு முறை மகிமைய ஒலகமே பேசுது பாரு" என்று என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணினார். எனக்கு அவர் கையைக் கடித்துவிடலாம் போல இருந்தது.

வீட்டில் அம்மா மீன் விற்ற கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இத்தினி பேரு நல்லாக்கீதுன்றாங்களே, எப்போ வேலைக்கு வரச் சொல்றாங்க?"

"வேலைய வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்கம்மா."

அம்மா கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "கூடய சுத்தி நின்னுக்கினு, கண்ணு பளபளன்னு கீது, செவுளு செவசெவன்னு கீதுன்னு சொல்லிட்டு வாங்காம போவாங்களே, அந்த மாரியா?"

"அதே மாரிதான்."

"நாசமாப் போவ" என்றாள். அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான்.

நைனா வலையை இறக்கி வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "அந்தம்மா முன்னாடியே உன்னக் கூப்ட்டாங்களா?"

"கூப்ட்டாங்க."

"ஏன் போடல?"

"உன் பேரு கெட்டுடும்னுதான் நைனா."

நைனாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "எம் பேர வெச்சிக்கினு இன்னா பண்ணப்போறேன்? உப்பு போட்டுக் காயவெக்கவா? அத்தினி பேரு எதிர்ல எதுக்கும்மா நின்னேன்? நீ வேலைக்குப் போவணும்னு நின்னேன். இவங்க பாட்டக் காப்பாத்தவா நின்னேன்?" போனை எடுத்து என் கையில் திணித்தார். "எழுது. இப்பவே எழுது. எடுக்கறவங்க எம் பேர எடுத்துக்கட்டும்."

அந்தப் பதிவுக்குக் கீழே எழுதினேன். 'வணக்கம் மேடம். நீங்கள் சொல்லும் பெண் நான்தான். என் பேர் பூவிழி. மைக்ரோபயாலஜி படித்திருக்கிறேன். எனக்கு வேலை வேண்டும்.'

நைனாவும் நானும் பார்த்துக்கொண்டே இருந்தோம். எனக்கு மேலே இருந்த கமெண்டுக்கு லைக் வந்தது. எனக்குக் கீழே புதிதாக ஒருவர் கைகூப்பும் படம் போட்டார், அதற்கும் வந்தது. என்னுடையதற்கு மட்டும் வரவில்லை.

"இதுக்கு லைக்கு எங்க அமுக்கணும்?" என்றார் நைனா.

காட்டினேன். மீன் செதில் ஒட்டியிருந்த விரலால் அழுத்தினார். போன் என்னுடையது, கணக்கும் என்னுடையது. ஆகவே என் கமெண்டுக்கு நானே லைக் போட்டுக்கொண்டதாக அந்தத் தளம் உலகத்துக்கெல்லாம் காட்டியது. படித்தவர்கள் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள், அசிங்கம். நான் அதை எடுக்கவில்லை.