பத்து வாட் பெட்டி

மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் பழைய சாமான் கடையில் கிடார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்புக்குப் பஞ்சமே வந்ததில்லை. தூத்துக்குடிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் கிடார் வகுப்பில் சேருவார்கள். விரல் நுனி வலிக்கிறது என்று மூன்றாம் மாதம் நின்றுவிடுவார்கள். கிடார் சுவரில் தொங்கும். கூட வாங்கிய பத்து வாட் ஆம்ப் பெட்டி அண்ணாச்சி கடைக்கு வந்து, மிக்ஸிக்கும் மேசை விசிறிக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

ரெக்சன் மூன்று வாரத்தில் அப்படி நான்கு பெட்டி வாங்கிவிட்டான். வயது நாற்பத்து நான்கு. துறைமுகத்தில் கன்டெய்னர் நம்பர்களைச் சரிபார்க்கிற டாலி கிளார்க். மனைவி ஷெர்லின் குவைத்தில் நர்ஸ், போய் நாலு வருஷம். மகள் பாளையங்கோட்டை ஹாஸ்டலில். வேலை முடிந்து பூட்டைத் திறந்தால், காலையில் குடித்த காபி டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்திவைக்க ஓர் ஆள் இல்லையே என்பதுதான் அவனுக்கு மற்ற எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஷெர்லின் போனில் கேட்டிருந்தாள். "காண்ட்ராக்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுதாங்க. என்ன செய்யட்டும்?"

வந்துவிடு என்று சொல்ல அவனுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவன் கப்பல்காரர் மகன். அப்பா வருஷத்தில் பத்து மாதம் கப்பலில்தான் இருந்தார். அம்மா ஒருநாள்கூட அவரை வா என்று அழைத்ததில்லை. வெளியே போனவரை வா என்று கூப்பிட்டால் அங்கே அவருக்கு வேலை ஓடாது, மனசு கிடந்து அல்லாடும் என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். அதையே பிடித்துக்கொண்டு, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்று சொல்லிவைத்தான், மகா பெருந்தன்மைக்காரன்.

வா என்று சொல்லத்தானே கூடாது, வாசித்துக் காட்டலாமே என்று அப்புறம் அவனுக்குத் தோன்றியது. இருவரும் மாதா கோயில் பாடகர் குழுவில் பழகியவர்கள். அவள் காணிக்கைப் பாட்டு பாட, அவன் கிடார் வாசிப்பான். குழுவில் அப்போது ஒரு குட்டி ஆம்ப் இருந்தது. அதன் டோன் தனி. மெதுவாக மீட்டினால் தெளிவாக இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் ஓரத்தில் லேசாகக் கரகரக்கும், ஆள் பேசத் தொடங்குமுன் தொண்டையைச் செருமுகிற மாதிரி. "உங்க கிடார் சத்தத்தக் கேட்டுத்தான் நான் விழுந்தேன், மூஞ்சியப் பாத்து இல்ல" என்பாள் ஷெர்லின். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் தானாகவே வந்துவிடுவாள் என்று நம்பினான். பெண்சாதி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற ஆளை என்னவென்று சொல்வது!

முதல் பெட்டி வண்டு மாதிரி இரைந்தது. இரண்டாவதில் சத்தம் தகரத்தில் அடித்தது போல வந்தது. மூன்றாவது, கிடாரைச் செருகியதும் எங்கிருந்தோ ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டு பேசியது. மீனவர்களுக்கான வானிலை அறிக்கையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அணைத்தான்.

"தம்பி, இது ஒண்ணு கெடக்கு. துணி கிழிஞ்சிருக்கு, ஒரு திருகும் இல்ல. ஆனா உள்ள நல்ல சாமான்" என்று அண்ணாச்சி நான்காவதை எடுத்துக் கொடுத்தார். "தினமும் பெட்டி பெட்டின்னு வாரீங்களே, வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"வீட்ல யாரு இருக்கா அண்ணாச்சி" என்றான் ரெக்சன்.

நான்காவதோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினான். கரகரப்புக்கு இருக்கிற கெயினை ஏறக்குறைய மூடி, வால்யூமை முக்கால் திறந்தான். பேஸை அறவே குறைத்தான். தரையில் இருந்ததை நாற்காலியில் ஏற்றினான். ஒவ்வொன்றுக்கும் சத்தம் ஓரடி முன்னால் வந்தது. ஆனாலும் டப்பாவுக்குள்ளிருந்து வருவதாகவே இருந்தது. உள்ளங்கை அகல ஸ்பீக்கர், அதனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? கடைசியில் கல்யாண மண்டபத்துப் பழைய பாக்ஸ் ஒன்றில் கழற்றிய பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரை அண்ணாச்சியிடம் வாங்கிவந்து, பெட்டியின் ஒயரை அதில் மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மத்தியானம். கிடாரில் வால்யூமை ஏழில் வைத்து ஒரு தரம் மீட்டினான்.

அதேதான். அப்படியே அதே சத்தம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏளா, இங்க வந்து கேளு என்று கூப்பிடப் போய், வெறும் வீட்டைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

உடனே வீடியோ கால் போட்டான். ஷெர்லின் இரவு டூட்டி முடித்து, தூங்கி எழுந்த முகத்தோடு வந்தாள். "கேளு, ஒண்ணும் பேசாத" என்று போனை அலமாரியில் சாய்த்து வைத்து, காணிக்கைப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தான். இந்த ஜென்மத்தில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.

"வாசிச்சீங்களா? கை ஆடுது, சத்தமே இல்ல. நீங்க பேசுறது மட்டுந்தான் கேக்கு."

போனைக் கிட்டே வைத்தான், தள்ளி வைத்தான். பயனில்லை. பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று வெட்டி எறிகிற புத்தி அந்த போனுக்கு. மூன்று வாரம் பட்ட பாடும் அதற்கு இரைச்சல்தான்.

பேச்சு மட்டும்தான் போகும் என்றானதும் ரெக்சன் கிடாரை மடியில் கவிழ்த்தான்.

"வந்துரு ஷெர்லி. கையெழுத்துப் போடாத. என்னால தனியாக் கெடக்க முடியல."

போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தான். அவள் கண்ணிமைப்பது தெரிந்தது.

"நேத்துப் போட்டுட்டேன்" என்றாள். "மூணு வாரமாப் பெட்டியப் பத்தியே பேசுனீங்க. வான்னு ஒரு வார்த்த வரல. நான் வாரது உங்களுக்குப் பிடிக்கல போலன்னு நெனச்சேன்."

"எங்க வீட்ல அப்படிக் கூப்பிட மாட்டாங்க. வெளிய இருக்கவங்களுக்கு மனசு கெட்டுரும்னு…"

"நான் என்ன கப்பல்லயா இருக்கேன்?" என்று கேட்டவளின் குரல் உடைந்தது. இரண்டு வருஷம் என்பது எத்தனை மத்தியானம் என்று அவன் நினைத்தான்.

ஷெர்லின்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, வாசிங்க."

"உனக்குத்தான் கேக்காதே. ரெக்கார்ட் பண்ணி அனுப்புதேன்."

"அத அப்புறம் கேட்டுக்கிடுதேன். இப்ப விரலையாவது பாக்கேன்."

வாசித்தான். அவன் இடது கை எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து அவள் பாடினாள். குவைத்திலிருந்து அவள் குரல் ஒரு விநாடி பிந்தி வந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது வந்து சேரும்வரை ரெக்சன் கையை நிறுத்திக் காத்திருந்தான். கிடாரும் பாட்டும் சேர்ந்து அந்த வீட்டில் நன்றாகத்தான் இருந்தன. கேட்க அவன் ஒருவன்தான் இருந்தான்.